கனடிய ஆர்க்டிக்கில் ஏரி வண்டலைக் கொண்டு கனிமம் தேடுதல்: முழுமையான வழிகாட்டி

கனடாவின் வடபகுதியில் மரங்கள் வளரும் எல்லையைத் தாண்டிவிட்டால், நுனாவுட்டிலும் வடமேற்குப் பிரதேசங்களிலும் ஏரிகள் எண்ணி முடியாத அளவுக்குச் சிதறிக் கிடக்கின்றன. சாலைகள் இல்லை. பாறையின் பெரும்பகுதியைப் பனிப்பாளம் விட்டுச்சென்ற மண்ணும் கற்களும் மூடியிருக்கின்றன. ஓடைகள் பல இடங்களில் பாறாங்கற்களுக்கு இடையே கசியும் நீராகவே இருப்பதால், மலைநாடுகளில் வழக்கமாகச் செய்யப்படும் ஓடை வண்டல் சேகரிப்பு இங்கே எடுபடாது. ஆனால் ஒவ்வோர் ஏரியும் தன்னைச் சுற்றியுள்ள நிலத்தின் நீரையும் நுண்துகள்களையும் பல்லாயிரம் ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்த ஏரியின் நடுவிலிருந்து ஒரு பை சேறு எடுத்துப் பகுத்துப் பார்த்தால், சுற்றியுள்ள சில சதுர கிலோமீட்டர் நிலத்தில் எந்த உலோகம் இயல்பைவிட மிகுந்திருக்கிறது என்பதை ஓரளவு அறியலாம்.

அந்த "ஓரளவு" என்ற சொல்லில்தான் இந்த முறையின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆய்வகம் தரும் எண், பாறையில் உள்ள உலோகத்தை மட்டும் காட்டுவதில்லை. ஏரியின் வேதியியலும் பனிப்பாளம் நகர்ந்த வரலாறும் அதில் கலந்தே இருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்காமல் மிக உயர்ந்த எண்களை மட்டும் வரிசைப்படுத்தித் துளையிடச் செல்பவர்கள், பெரும்பாலும் மாங்கனீசு மிகுந்த ஏரிகளையே துரத்திக்கொண்டிருப்பார்கள்.

உலோகம் ஏரிக்கு வந்து சேரும் விதம்

நிலம் ஆண்டு முழுவதும் உறைந்திருக்கும் இடத்தில் வேதிச்சிதைவு நடக்காது என்ற எண்ணம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. ஆனால் நிரந்தர உறைமண்ணின் மீது கோடையில் மட்டும் உருகும் ஒரு மேலடுக்கு உண்டு. அங்கே நீரும் ஆக்சிஜனும் இருப்பதால், பைரைட் போன்ற சல்ஃபைடு கனிமங்கள் சிதைந்து அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் துத்தநாகம், செம்பு, காட்மியம் ஆகியவற்றைக் கரைத்துக் கீழ்நோக்கி அனுப்புகிறது. கீழே உறைந்த நிலம் நீரை ஆழத்துக்கு இறங்கவிடாமல் தடுப்பதால், கரைந்த உலோகம் பக்கவாட்டில் ஓடி அருகிலுள்ள ஏரியையே சேர்கிறது. ஆக, உறைமண் சில வகைகளில் இந்த முறைக்குத் துணையாகவே இருக்கிறது.

கரைசலாக வருவதைத் தவிர, பனிப்பாளம் அரைத்துவிட்ட நுண்துகளாகவும் உலோகம் ஏரிக்குள் வருகிறது. குரோமைட், சிர்க்கான், தங்கத் துகள் போன்றவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியில் வருபவை. எந்தத் தனிமம் எந்த வழியில் வந்திருக்கக்கூடும் என்ற கேள்வி இறுதிவரை உடன் வர வேண்டும்.

முதற்படி: ஹெலிகாப்டரைக் கூப்பிடும் முன் பழைய தரவைத் தேடுதல்

கனடா புவியியல் அளவைத் துறை 1970களிலிருந்தே இந்த வேலையைச் செய்துவருகிறது. 1972இல் பியர், ஸ்லேவ் ஆகிய இரு பாறை மாகாணங்களின் (ஒரே வகை அடிப்பாறை வரலாறு கொண்ட பெரும் நிலப்பகுதிகளின்) மீது அத்துறை நடத்திய அளவை, 36,000 சதுர மைல், அதாவது சுமார் 93,000 ச.கி.மீ. பரப்பைத் தொட்டது. பின்னர் 1970களின் நடுவில் யுரேனியத் தேடலுக்காகத் தொடங்கப்பட்ட தேசிய அளவைத் திட்டம், ஏறத்தாழ 13 ச.கி.மீ.க்கு ஒரு மாதிரி என்ற அடர்த்தியை நிலைநாட்டியது. அப்போது எடுக்கப்பட்ட வண்டலில் எஞ்சியவை காப்பகத்தில் பத்திரமாக இருந்ததால், 2008இல் தொடங்கிய வடபுல நிலவரைபடத் திட்டத்தின் காலத்தில் நுனாவுட்டின் மெல்வில் தீபகற்பம் போன்ற இடங்களின் பழைய மாதிரிகள் புதிய கருவிகளில் மீண்டும் பகுக்கப்பட்டன. அன்று பன்னிரண்டு, பதின்மூன்று தனிமங்களுக்கு மட்டும் விடை தந்த அதே சேறு, இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட தனிமங்களுக்கு விடை தருகிறது.

இத்தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் நிலப்பரப்பில் அவை இருந்தால், முதல் கோடையில் புதிய பரந்த அளவை தேவையில்லை. ஆனால் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஆய்வகங்களில் பகுக்கப்பட்ட தொகுப்புகளை அப்படியே ஒட்டிவிடக் கூடாது. வரைபடத் தாள்களின் விளிம்பில் செறிவு திடீரென்று படிக்கட்டாக ஏறினால், அது பெரும்பாலும் ஆய்வக வேறுபாடுதான். இரு தொகுப்புகளுக்கும் பொதுவான பாறை வகையின் இடைநிலை மதிப்புகளை ஒப்பிட்டுச் சமன்செய்த பிறகே ஒன்றாக வரைய வேண்டும்.

இரண்டாம் படி: அனுமதியும் பருவமும்

1993ஆம் ஆண்டின் நில உரிமை ஒப்பந்தப்படி, நுனாவுட்டில் சுமார் 3,56,000 ச.கி.மீ. நிலம் அங்கே தொன்றுதொட்டு வாழும் இனூயிட் மக்களுக்கு உரியது. அதில் ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே நிலத்தடிக் கனிம உரிமையும் சேர்ந்து வருகிறது. எனவே ஒரே ஏரியின் கரையில் இறங்குவதற்கு ஒருவரிடமும், அதன் அடியிலுள்ள கனிமத்துக்கு வேறொருவரிடமும் அனுமதி கேட்க வேண்டிய நிலை சாதாரணமாகவே எழும். மேற்பரப்பு உரிமையை வட்டார இனூயிட் சங்கங்கள் கவனிக்கின்றன. விண்ணப்பத்தைக் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.

ஸ்லேவ் மாகாணத்தின் தூந்திரா ஏரிகளில் பனி விலகுவதற்கு ஜூலை ஆகிவிடும். வேலை செய்யக் கிடைப்பது ஆகஸ்ட் இறுதிவரையிலான சில வாரங்கள்தான். கரிபு மான்கள் கன்று ஈனும் ஜூன் மாதத்தில், ஈனுமிடங்களுக்கு மேல் தாழப் பறப்பது அனுமதி நிபந்தனைகளை மீறுவதாகும் என்பதோடு, அவற்றை வேட்டையாடி வாழும் ஊர்களின் நம்பிக்கையையும் ஒரே நாளில் இழக்கச் செய்துவிடும்.

மூன்றாம் படி: எந்த ஏரி?

வரைபடத்தில் சம சதுரக் கட்டங்களை வரைந்து, கட்டத்துக்கு ஓர் ஏரி என்று எடுப்பது தொடக்கத்துக்குச் சரி. ஆனால் கட்டத்துக்குள் எந்த ஏரி என்பதை நீர்ப்பிடிப்புப் பகுதிதான் முடிவு செய்ய வேண்டும். செயற்கைக்கோள் படங்களிலிருந்து தயாரிக்கப்பட்டு, 2 மீட்டர் நுணுக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆர்க்டிக்டெம் என்னும் உயர வரைபடத்தைக் கொண்டு, ஒவ்வோர் ஏரியும் எவ்வளவு நிலத்தின் நீரை வாங்குகிறது என்பதை முகாமிலிருந்தபடியே வரைந்துவிடலாம். சில சதுர கிலோமீட்டருக்கு மிகாத ஏரிகளே ஏற்றவை. மிகப் பெரிய ஏரியில் எங்கோ ஒரு மூலையில் வந்து சேரும் உலோகம் நீர்த்துப்போய்விடும். அப்படிப்பட்ட ஏரியைத் தவிர்க்க முடியாவிட்டால் அதன் தனித்த குடாக்களில் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

இரண்டு மீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ள குட்டைகளைத் தவிர்க்க வேண்டும். அவை குளிர்காலத்தில் அடிவரை உறைவதால் சேறு பனியோடு ஒட்டிக் கலைந்து, அடுக்குகள் குழம்பிப் போகின்றன. உறைமண் உருகிக் கரை சரிந்துகொண்டிருக்கும் ஏரிகளும் ஐயத்துக்குரியவை. அங்கே புதிதாகச் சரிந்த மண் நடுப்பகுதிவரை பரவி, மெதுவாகப் படிந்த வண்டலை மூடியிருக்கும். இந்த இரண்டு வகைகளையும் வான்படத்திலேயே பெரும்பாலும் இனங்காணலாம்.

நான்காம் படி: சேற்றை எடுத்தல்

மிதவை பொருத்திய ஹெலிகாப்டர் ஏரியின் நடுவில் இறங்கும். மிதவையின் மீது நின்றபடி ஒருவர் கயிற்றில் கட்டிய எஃகுக் குழாயை நீருக்குள் விடுவார். ஹார்ன்புரூக் குழாய் எனப்படும் இந்தக் கருவி தன் எடையாலேயே சேற்றுக்குள் இறங்கும். மேலே இழுக்கும்போது அதன் வாயிலுள்ள வால்வு மூடிக்கொள்ளும். குழாயின் மேல்முனை திறந்திருப்பதால், முதலில் நுழையும் மேலடுக்குச் சேறு பின்னால் வருவதால் தள்ளப்பட்டு வெளியேறிவிடுகிறது. கடைசியில் குழாயில் நிற்பது ஏறத்தாழ 20 முதல் 35 செ.மீ. ஆழத்திலுள்ள சேறு.

மேலடுக்கை இப்படி ஒதுக்குவதற்குக் காரணங்கள் உண்டு. நீரும் சேறும் சந்திக்கும் அந்தச் சில சென்டிமீட்டரில் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் திரண்டு, ஆர்சனிக் போன்றவற்றைத் தம்மீது ஈர்த்து வைத்திருக்கும். சுரங்கங்களுக்கு அருகில் அங்கேதான் மனிதனால் வந்த மாசும் படிந்திருக்கும். யெல்லோநைஃப் நகரத்தை ஒட்டிய ஜயன்ட் தங்கச் சுரங்கத்தின் புகைபோக்கியிலிருந்து வெளியேறிய ஆர்சனிக் பல ஆண்டுகளாகச் சுற்றுவட்டார ஏரிகளில் படிந்தது. அங்கே மேலடுக்கை எடுத்துப் பகுத்தால் தெரிவது பாறையின் ஆர்சனிக் அல்ல, உலையின் ஆர்சனிக்.

நல்ல மாதிரியைக் கையில் எடுத்தாலே தெரியும். பச்சை கலந்த கரும்பழுப்பு நிறத்தில், ஆறிய கேழ்வரகுக் கூழ் போல வழுவழுப்பாக, மணல் நெருடல் இல்லாமல் இருக்க வேண்டும். தூந்திராவில் இந்தக் கரிமச் சேறு எல்லா ஏரியிலும் கிடைக்காது. வடக்கே செல்லச் செல்லச் சாம்பல் நிற வண்டல்மண் மிகுதியாகும். மணலோ களிமண்ணோ வந்தால் ஆழமான இடத்துக்கு நகர்ந்து மீண்டும் முயல வேண்டும். அப்போதும் அதுவே வந்தால் எடுத்துக்கொண்டு, அட்டையில் அதைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். நிறம், ஆழம், நெருடல், கரையின் சரிவு, அருகிலுள்ள பாறை வெளிப்பாடு, முகாம் அல்லது எரிபொருள் பீப்பாய்களின் தடயம் ஆகியவற்றை இறங்கிய இடத்திலேயே எழுதுங்கள். மாலையில் முகாமுக்குத் திரும்பி நினைவிலிருந்து எழுதிய அட்டையை எந்தப் புள்ளியியலும் சரிசெய்ய முடியாது.

அதே இடத்தில் ஒரு புட்டி நீரும் எடுக்க வேண்டும். கூடுதல் செலவு மிகக் குறைவு. பயன் மிகப் பெரிது. பிஎச்சையும் மின்கடத்துதிறனையும் அன்றே முகாமில் அளந்துவிட்டு, உலோகப் பகுப்பாய்வுக்கான பகுதியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து அமிலம் சேர்த்து வைக்க வேண்டும். ஃபுளோரைடுக்கான நீரை அமிலமிடாமல் தனியே வைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஆய்வகத்திடம் என்ன கேட்பது

மாதிரிகளை ஈரத்தில் கிழியாத காகிதப் பைகளில் இட்டு, பாதரசம் ஆவியாகிப் போகாதபடி 40 டிகிரி செல்சியசுக்கும் குறைவான வெப்பத்தில் உலர்த்த வேண்டும். கரிமச் சேறு காய்ந்ததும் கல்லாக இறுகிவிடும் என்பதால், அதை உடைத்து அரைத்து 177 மைக்ரான் சல்லடையில் சலிக்கிறார்கள்.

வழக்கமான கரைப்பான், ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்த இராஜ திராவகம். சல்ஃபைடுகளையும், ஆக்சைடுகளிலும் கரிமப் பொருளிலும் ஒட்டிய உலோகத்தையும் அது எளிதில் கரைத்துவிடும். குரோமைட், சிர்க்கான், பேரைட் ஆகியவற்றைக் கரைக்காது. எனவே செம்பு, துத்தநாகம் தேடுபவருக்கு அது போதும். குரோமியம், பேரியம், அருமண் தனிமங்கள் ஆகியவற்றின் முழு அளவு தேவைப்பட்டால், நியூட்ரான் கதிரேற்றப் பகுப்பாய்வையோ முழுக்கரைப்பையோ கேட்க வேண்டும். தங்கத்தில் இன்னொரு தொல்லை உண்டு. தனிமங்களின் மிக நுண்ணிய அளவையும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவிக்குப் பெரும்பாலும் எடுக்கப்படும் அரை கிராம் பொடியில் ஒரு தங்கத் துகள் இருந்தால் செறிவு வானுயரும், இல்லாவிட்டால் பூச்சியம். பத்து கிராமுக்கு மேல் எடுத்துப் பகுத்தாலும் ஐயம் முற்றும் தீராது. அதனால், நுனாவுட்டின் லூபின் சுரங்கத்தைப் போல இரும்புப் பட்டைப் பாறையில் தங்கம் இருக்கும் இடங்களில், சீராகப் பரவும் ஆர்சனிக்கை வழிகாட்டியாகக் கொள்வதே நம்பகமானது.

எரிப்பு இழப்பு என்ற எளிய சோதனையைச் சிக்கனம் கருதி விட்டுவிடாதீர்கள். ஏறத்தாழ 500 டிகிரியில் எரித்து, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான் அது. கரிமப் பொருளின் அளவை அதிலிருந்து அறியலாம். அது இல்லாத தரவுத்தொகுப்பை ஏழாம் படியில் பொருள்படுத்தவே முடியாது.

ஆறாம் படி: எண்களை நம்பலாமா?

கனடாவின் தேசிய அளவை பின்பற்றும் ஒழுங்கு எளிமையானது, அப்படியே எடுத்தாளத்தக்கது. இருபது மாதிரிகள் ஒரு தொகுதி. அவற்றுள் பதினேழு வழக்கமானவை. ஒன்று அதே ஏரியில் இரண்டாம் முறை எடுத்தது. ஒன்று ஆய்வகத்துக்குத் தெரியாமல் பிரித்து வைத்த மறுபாதி. ஒன்று செறிவு முன்பே அறியப்பட்ட தர மாதிரி. எல்கேஎஸ்டி என்ற வரிசையில் ஏரி வண்டலுக்கென்றே தயாரிக்கப்பட்ட நான்கு தர மாதிரிகள் உள்ளன. ஒரே ஏரியின் இரு மாதிரிகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு ஏரிகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை நெருங்கினால், அந்தத் தனிமத்தின் வரைபடத்தை மூடி வைத்துவிட வேண்டும். தங்கத்துக்கு இது அடிக்கடி நேரும்.

ஏழாம் படி: ஏரியின் சொந்த விளைவைக் கழித்தல்

இதுவே இந்த வேலையின் நடுநாயகம். கற்பனையாக இரண்டு ஏரிகளை வைத்துக்கொள்வோம். முதல் ஏரியில் துத்தநாகம் 310 பிபிஎம் (பத்து லட்சத்தில் 310 பங்கு), மாங்கனீசு 5,200 பிபிஎம், இரும்பு 9 விழுக்காடு. இரண்டாவதில் துத்தநாகம் 165 பிபிஎம், மாங்கனீசு 350 பிபிஎம், இரும்பு 2 விழுக்காடு, எரிப்பு இழப்பு 8 விழுக்காடு. வட்டாரத்தின் இடைநிலை மதிப்பு 80 பிபிஎம் என்று கொண்டால், இரண்டுமே உயர்ந்தவைதாம். ஆனால் முதல் ஏரியின் மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள் நீரில் சாதாரண அளவில் இருக்கும் துத்தநாகத்தையே ஆண்டுக்கணக்காக வாரிச் சேர்த்திருக்கக்கூடும். இரண்டாவதில் அப்படி வாரிச் சேர்க்க எதுவும் இல்லாமலே இருமடங்கு துத்தநாகம் இருக்கிறது. நான் முதலில் செல்வது இரண்டாவது ஏரிக்கே.

இதை எல்லா ஏரிகளுக்கும் முறையாகச் செய்ய வேண்டும். முதலில் ஏரிகளை அவற்றின் நீர்ப்பிடிப்பிலுள்ள முதன்மைப் பாறை வகைப்படி பிரியுங்கள். எரிமலைப் பாறை மண்டலத்தின் இயல்பான செம்பு, கிரானைட் மண்டலத்தில் மிகைச்செறிவாகத் தோன்றும். ஒவ்வொரு பிரிவிலும் எரிப்பு இழப்பு, இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றைக் காரண மாறிகளாக வைத்து, அவற்றைக் கொண்டே உலோகத்தின் அளவைக் கணிக்கும் பின்னோக்கு வரையைப் பொருத்தி, வரை கணிப்பதற்கும் ஆய்வகம் கண்டதற்கும் இடையே எஞ்சும் மிச்சத்தை மட்டும் வரைபடமாக்குங்கள். யுரேனியம் கரிமப் பொருளோடு வலுவாகப் பிணையும் என்பதால், அதற்கு எரிப்பு இழப்பே பெரும்பகுதியை விளக்கிவிடும். ஆனால் மிச்சத்தை மட்டுமே நம்புவதும் ஆபத்து. சல்ஃபைடுப் படிவமே இரும்பைக் கூட்டியிருந்தால், இரும்பின் விளைவைக் கழிக்கும்போது தேடும் பொருளையும் சேர்த்துக் கழித்துவிடுகிறோம். மூல வரைபடமும் மிச்ச வரைபடமும் அருகருகே இருக்கட்டும்.

சராசரியோடு இரு திட்டவிலக்கத்தைக் கூட்டி எல்லைக்கோடு போடும் பழைய வழக்கம் இத்தரவுக்குப் பொருந்தாது. பகிர்வு ஒருபக்கம் சரிந்திருப்பதால் ஒரே ஓர் உயர்ந்த மதிப்பு எல்லையையே மேலே இழுத்துவிடும். 90, 95, 98ஆம் நூற்றுமானங்களைக் (நூற்றில் அத்தனை ஏரிகளின் மதிப்பு எதற்குக் கீழே இருக்கிறதோ அந்த எல்லைகளைக்) கொண்டு படிப்படியாகக் குறிப்பது எளிமையானது, நேர்மையானதும்கூட. பல தனிமங்களை ஒருங்கே பார்க்கும்போது, ஒன்று கூடினால் மற்றவை விழுக்காட்டளவில் குறைந்தே தீரும் என்பதால், மடக்கை விகிதங்களாக மாற்றிய பிறகே சேர்ந்தே மாறும் தனிமங்களை இனங்காட்டும் முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு செய்ய வேண்டும்.

நீரின் பிஎச்சும் இங்கே பேசும். அமிலம் மிகுந்த நீரில் துத்தநாகம் படியாமல் கரைந்தே ஓடும். பிஎச் ஏறும்போது ஈயமும், பிறகு செம்பும், அதன் பிறகே துத்தநாகமும் வண்டலில் ஒட்டும். ஆகவே படிவத்துக்கு மிக அருகிலுள்ள அமில ஏரியின் சேற்றில் துத்தநாகம் குறைவாகவும், கீழேயுள்ள நடுநிலை ஏரியில் மிகுதியாகவும் இருக்கலாம். மிக உயர்ந்த எண் கிடைத்த ஏரியையே நோக்கிச் செல்பவர் படிவத்தைத் தாண்டிக் கீழே இறங்கிவிடுவார்.

எட்டாம் படி: பனிப்பாளம் வந்த திசை

நீர் இன்றைய சரிவில் ஓடுகிறது. பனிப்பாளமோ மேட்டையும் பள்ளத்தையும் பொருட்படுத்தாமல் தன் திசையில் பாறையை அரைத்து இழுத்துச் சென்றது. ஒரு மிகைச்செறிவின் மூலத்தை இந்த இரண்டு திசைகளிலும் பின்னோக்கித் தேட வேண்டும். பாறை மீதுள்ள கீறல்கள், ட்ரம்லின் எனப்படும், பனிப்பாளம் தன் திசையில் நீட்டி வடித்த மேடுகள் ஆகியவை பனி நகர்ந்த திசையைக் காட்டும். ஹட்சன் விரிகுடாவுக்கு மேற்கிலுள்ள கீவாட்டின் பகுதியில் பனிப்பாளத்தின் நடுக்கோடே காலப்போக்கில் இடம் மாறியதால், ஒரே இடத்தில் வெவ்வேறு காலத்துத் திசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதும் உண்டு.

ஆர்க்டிக்குக்குச் சற்றுத் தெற்கே, கியூபெக் - லாப்ரடார் எல்லையில் உள்ள ஸ்ட்ரேஞ்ச் லேக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏரி நீரில் ஃபுளோரினும் வண்டலில் யுரேனியமும் உயர்ந்திருந்ததைத் தொடர்ந்து சென்றதால் 1970களின் இறுதியில் அங்கே அருமண் தனிமப் படிவம் கண்டறியப்பட்டது. பனிப்பாளம் அங்கிருந்து அள்ளிச்சென்ற பாறைத்தூள் வடகிழக்கு நோக்கிச் சுமார் 40 கி.மீ. நீளத்துக்கு ஒடுங்கிய பட்டையாகப் பரவிக் கிடக்கிறது. அந்தப் பட்டையின் மீதுள்ள ஏரிகள் எல்லாம் உயர்ந்த மதிப்பைக் காட்டினாலும், கனிமம் இருப்பது அதன் தொடக்க முனையில் மட்டும்.

ஒன்பதாம் படி: தரையில் இறங்குதல்

1972 அளவையின் மிகைச்செறிவுகளுள் ஒன்றைத் தொடர்ந்து அடுத்த கோடையில் புவியியல் அளவைத் துறையினர் ஸ்லேவ் மாகாணத்தின் கிழக்கில் ஏரிகளை நெருக்கமாக மீண்டும் அளந்தபோது, அக்ரிகோலா ஏரிக்கருகில் துத்தநாகமும் செம்பும் ஈயமும் கொண்ட சல்ஃபைடுப் படிவம் வெளிப்பட்டது. ஏரி, அதன் மேலுள்ள ஏரி, அதற்கும் மேலுள்ள கசிவு என்று சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறுவதே இன்றும் பின்பற்றப்படும் வழி.

சங்கிலி முடியும் இடத்தில் வண்டலின் வேலை முடிகிறது. அங்கிருந்து டில் எனப்படும் பனிப்படிவு மண்ணை எடுக்க வேண்டும். தூந்திராவில் சேற்றுக் கொப்புளங்கள் இதற்குக் கைகொடுக்கும். உறைதலும் உருகுதலும் அடி மண்ணைத் தாமாகவே மேலே தள்ளியிருப்பதால், கைமண்வெட்டியால் முழங்கை ஆழம் தோண்டினாலே சிதையாத டில் கிடைத்துவிடும். எஸ்கர் மேட்டின் மணலை டில் என்று எண்ணி எடுத்துவிடக் கூடாது. அது உருகுநீர் நெடுந்தொலைவிலிருந்து கொண்டுவந்தது. கூடவே துருப்பிடித்த பாறாங்கற்களைத் தேடிக் கையால் உடைத்துப் பார்ப்பதும், நிலத்தடியில் மின்சாரத்தைக் கடத்தும் கனிமத்தைக் காட்டும் மின்காந்த அளவையும் நடக்க வேண்டும். வைரம் தேடுபவர்களுக்கு டில்லிலுள்ள காட்டிக் கனிமங்களே (வைரம் தாங்கும் பாறையிலிருந்து வந்து, அதன் இருப்பைக் காட்டிக்கொடுக்கும் கனிமங்களே) முதன்மையான கருவி. ஏரி வண்டலின் நிக்கல், குரோமியம், நியோபியம் துணைச்சான்று மட்டுமே என்பது என் கருத்து.

துளையிடும் இலக்கைத் தீர்மானிக்கும்போது, ஏரியின் எண்ணுக்குப் பட்டியலில் கடைசி இடம்தான். டில், பாறாங்கல், மின்காந்தக் கடத்தி ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டேனும், பனிப்பாளம் வந்த அதே திசையைச் சுட்டாவிட்டால், அந்த ஏரியை வரைபடத்தில் விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லலாம். எஞ்சிய பொடியை மட்டும் எறிந்துவிடாதீர்கள். சுரங்கம் வருமானால், அதற்கு முன் அந்த ஏரிகளில் ஆர்சனிக் எவ்வளவு இருந்தது என்று மறுஆய்வு வாரியமும் அருகிலுள்ள ஊரும் கேட்கும்போது, அதற்கு விடை அந்தப் பைகளில்தான் இருக்கும்.